அரவானும் மாத்திரையும்

1

கூவாகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் ஒரு இரவோடு முடிந்துவிடுகிறது. சித்திரைப் பௌர்ணமியன்று தாலி. மறுநாள் தேர், அழுகளம், தாலி அறுப்பு, வெள்ளைப் புடவை. கவிதை எழுதுகிறவருக்கு இது போதும். படம் எடுக்கிறவருக்கும் போதும். கல்யாணமும் வைதவ்யமும் ஒரே இரவுக்குள் அடங்கிவிடுகிற படிமம் சுலபமாகக் கிடைத்துவிட்ட பிறகு, அதைச் சுமந்து வந்த உடம்பு மறுநாள் எந்த பஸ் ஏறி எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. சிறு பத்திரிகைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த உடம்பு. அதற்குள் போகிற ஹார்மோன் காமத்தையும் கருவளத்தையும் என்ன செய்கிறது, அந்த ஹார்மோன் எந்தச் சரித்திரத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது, அது உள்ளே போவதற்கு முன்னால் யார் யாரை என்ன கேட்டார்கள் என்பவை என் கேள்விகள். இதை டாக்டர்கள் எழுதட்டுமே என்று சொல்லலாம். டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது வைத்தியத்தோடு நிற்கிற விஷயமில்லை. வாரிசு என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு கூட்டத்தாரைச் சட்டமும் கதையும் மருந்துக்கடையும் எப்படி அளந்தன என்பதுதான் இதன் சரித்திரம்.

கதையிலிருந்தே தொடங்கலாம். வியாச பாரதத்தில் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். பலி ஏதும் இல்லை. களப்பலி தமிழ் மரபில் பெரிதாக வளர்ந்தது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும் பிறகு வில்லிபுத்தூராரிடமும் அது இடம் பெற்றது. கண்ணன் மோகினியாகி அரவானை மணப்பது கூத்தும் கோயிலும் சேர்த்த கதை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் சாகிறவனுக்கு முறையான ஈமக்கடன் கிடையாது. அழுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அதாவது, கூவாகத்துக் கதையின் அடியில் கிடப்பது காதல் என்பதைவிட வாரிசு இல்லாமல் போவதைப் பற்றிய பயம் என்றே சொல்ல வேண்டும்.

அதே சமயம் இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். அரவான் பிறந்த சந்திர வம்சத்தின் தொடக்கத்தில் நிற்பது இளை. ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழ்ந்து, பெண்ணாக இருந்தபோது புதனுக்குப் புரூரவஸைப் பெற்றுக் கொடுத்தவள். பாண்டவர் கௌரவர் அத்தனை பேரும் அந்த வயிற்றின் வழி வந்தவர்கள். பால் மாறிய உடம்பு பிள்ளை பெறுவது நம் புராணத்துக்குப் புதிதல்ல. அதை வம்சத்தின் ஆரம்பத்திலேயே வைத்திருக்கிறது. அந்த வம்சத்தின் ஒரு கிளையில்தான் பிள்ளையற்றவனுக்காக ஒரு இரவு அழுகிறார்கள். இரண்டில் நாம் எடுத்துக்கொண்டது அழுகையை மட்டும்.

2

தமிழ் இலக்கணத்துக்கு இந்த ஆட்கள் தெரியும். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பேடியை உயர்திணையில் வைக்கிறது. விகுதி எது கொள்வது என்பதுதான் அதன் பிரச்னை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் காமன் ஆடிய பேடிக்கூத்தும் ஒன்று. இவற்றைக் கொண்டு பழந்தமிழ்ச் சமூகம் இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று சொல்லக் கிளம்புவது நம் ஆராய்ச்சியாளர்களின் வழக்கமான பலவீனம். பெயருக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான் நிச்சயம்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது வேறு மாதிரியான அளவுகோல். 1860-ன் தண்டனைச் சட்டம் 377-வது பிரிவில் இயற்கைக்கு விரோதமான புணர்ச்சி என்று ஒரு குற்றத்தை வைத்தது. எது இயற்கை என்று அது விளக்கவில்லை. விளக்காமலே எல்லோருக்கும் புரிந்தது, பிள்ளை உண்டாகக் கூடியதே இயற்கை என்று. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் நேரடியாக வந்தது. பழங்குடிகளையும் நாடோடிகளையும் பதிவு செய்த அதே சட்டத்தின் இன்னொரு பகுதி, அலிகள் என்று அது அழைத்தவர்களைப் பதிவு செய்யச் சொன்னது. யார் அலி? ஆண்மையற்றவன் என்று தானே ஒப்புக்கொள்பவன், அல்லது வைத்தியப் பரிசோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிபவன். ஒரு அரசாங்கம் ஒரு மனிதனின் வேட்டியை அவிழ்த்துப் பார்த்து அவன் யார் என்று எழுதிக்கொள்வதற்குச் சட்டம் போட்டது இப்படித்தான்.

பதிவானவர் எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல் இன்னும் முக்கியமானது. மைனர் ஒருவருக்குக் காப்பாளராக இருக்கக்கூடாது. தானம் எழுதக்கூடாது. உயில் எழுதக்கூடாது. பிள்ளையைத் தத்து எடுக்கக்கூடாது. நான்கும் வாரிசு சம்பந்தப்பட்டவை. பெற முடியாதவர் என்று முத்திரை குத்தியவரை, வளர்க்கவும் கொடுக்கவும் கூடாதவராகவும் ஆக்கிற்று சட்டம். இந்தப் பகுதி பஞ்சாபிலும் வடமேற்கு மாகாணங்களிலும்தான் அமலாயிற்று. கூவாகத்துக்கு அது வரவில்லை. ஆனால் அந்தப் பார்வை வந்தது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பத்திரிகை மூன்றிலும் இந்த ஆட்களைக் குறித்த முதல் கேள்வி இடுப்புக்குக் கீழே இருந்தே இன்றும் தொடங்குகிறது.

3

ஹார்மோன் என்ற பொருள் நம் கைக்கு வந்த பாதை விசித்திரமானது. 1849-ல் கோட்டிங்கனில் பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் சேவல்களின் விரைகளை எடுத்துவிட்டு, சிலவற்றின் வயிற்றில் திரும்ப வைத்துப் பார்த்தார். வைக்கப்பட்டவை மறுபடி சேவலாகவே கூவின, சண்டை போட்டன. நரம்புத் தொடர்பு இல்லாமல் ரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது அப்போது தெரிந்தது. 1889-ல் பாரிஸில் எழுபத்திரண்டு வயது பிரவுன் செக்கார், மிருகங்களின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அது மனப்பிரமை என்று பிறகு தெரிந்தது. 1929-ல் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் அமெரிக்காவில் டாய்சியும் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். ஆண் ஹார்மோனுக்காக பூட்டெனான்ட் போலீஸ்காரர்களின் சிறுநீரை 15,000 லிட்டர் காய்ச்சி, 1931-ல் 15 மில்லிகிராம் பொருளைப் பெற்றார். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் லக்கூரின் குழு காளையின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தது. 1938-ல் பெர்லினில் ஷெரிங் கம்பெனியில் எத்தினில் எஸ்ட்ரடயால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் தயாராயிற்று. வாயால் விழுங்கினாலும் ஈரலில் அழிந்துவிடாத மாத்திரை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆணும் பெண்ணும் இரண்டு துருவங்கள் என்று நம்பியவர்களுக்கு ரசாயனம் ஒரு அதிர்ச்சியைக் கொடுத்தது. இரண்டு ஹார்மோன்களும் இரண்டு உடம்பிலும் இருக்கின்றன; ஒன்றிலிருந்தே மற்றது உண்டாகிறது. பெர்லினில் 1919-ல் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு தொடங்கிய பாலியல் ஆராய்ச்சி நிலையம் இதைத்தான் வேறு வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் 1931-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். 1933 மே மாதம் நாஜிகள் அந்த நிலையத்தைச் சூறையாடி அதன் நூல்களைத் தெருவில் எரித்தார்கள். 1952-ல் கோப்பன்ஹேகனில் ஹார்மோனும் அறுவையும் பெற்ற அமெரிக்கர் கிறிஸ்டீன் ஜார்ஜென்சன் உலகப் பத்திரிகைகளில் செய்தியானார். 1966-ல் ஹாரி பெஞ்சமின் இது பற்றிய முதல் பெரிய வைத்திய நூலை எழுதினார்.

இதில் நம் மாவட்டத்துக்கு எங்கே இடம்? கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது ஒரு கோடியில் கூவாகமும் மறுகோடியில் கல்வராயன் மலையும் ஒரே எல்லைக்குள் வந்தன. மலையில் இருப்பவர்கள் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்று அர்த்தம், தமிழ் பேசுகிற பழங்குடியினர். காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டித் தின்பது இந்த மலைகளின் பழைய வாழ்க்கை. அந்தக் கிழங்கின் குடும்பத்துக்குத் தாவர சாஸ்திரத்தில் டயாஸ்கோரியா என்று பெயர். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க ரசாயனி மெக்ஸிகோவின் வெராக்ரூஸ் காட்டில் இதே குடும்பத்துக் கிழங்கு ஒன்றைத் தோண்டி, அதிலுள்ள டயாஸ்ஜெனினிலிருந்து புரொஜெஸ்டிரோனைச் செய்து காட்டினார். அதுவரை தங்கத்தைவிடப் பல மடங்கு விலை விற்ற ஹார்மோன் மலிவாயிற்று. கருத்தடை மாத்திரை அந்தக் கிழங்கிலிருந்தே எழுந்தது. இந்தியக் கம்பெனிகள் இமயமலைச் சரிவிலிருந்து அந்தக் குடும்பத்தின் வேறொரு வகையைத் தோண்டின. நம் மலைக் கிழங்கைத் தின்றால் ஹார்மோன் கிடைக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டயாஸ்ஜெனினை ஹார்மோனாக்கும் சக்தி மனித உடம்புக்கு இல்லை, அதற்கு ஆலை வேண்டும். நான் சொல்ல வருவது, மலைவாசியின் பசிக்கு உதவிய ஒரு கிழங்குக் குடும்பம், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் கூவாகத்துக்கு வருகிறவரின் கைப்பையில் மாத்திரையாக இருக்கிறது என்பதை.

அது அங்கே எப்படி வந்தது என்பதில்தான் பெரிய முரண் இருக்கிறது. 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. சிவப்பு முக்கோணத்தோடு கிராமம் கிராமமாகப் போன அந்தத் திட்டம் பிறகு மாலா-டி என்ற மாத்திரையையும் கொண்டு போயிற்று. அதில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராம், எத்தினில் எஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். சீட்டு இல்லாமல் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பெண்கள் பிள்ளை பெறாமலிருக்க அரசு மலிவாகக் கொடுத்த மாத்திரையைத் திருநங்கைகள் மார்பு வளரவும் தோல் மிருதுவாகவும் விழுங்கினார்கள். டாக்டரின் வாசல் மூடியிருந்தது; மருந்துக்கடையின் வாசல் திறந்திருந்தது. எவ்வளவு விழுங்குவது என்பதை மூத்தவள் இளையவளுக்குச் சொன்னாள். வம்சத்தைக் கட்டுப்படுத்தப் புறப்பட்ட திட்டம், வம்சத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தெரியாமலே பெண்மையை விநியோகித்தது.

4

இனி உடம்பு. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆண் உடம்பில் எஸ்ட்ரோஜன் தொடர்ந்து உள்ளே போனால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, விரைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. முதல் சில மாதங்களிலேயே தானாக வரும் விறைப்பும் காம வேகமும் குறைகின்றன. மார்பு மூன்று முதல் ஆறு மாதத்தில் அரும்பத் தொடங்கி இரண்டு மூன்று வருஷங்களில் தன் வளர்ச்சியை எட்டுகிறது. கண்ணனுக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது. விரை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி தேய்கிறது. மருந்தை நிறுத்தினால் சிலருக்கு உற்பத்தி திரும்புகிறது. யாருக்குத் திரும்பும், எவ்வளவு நாளில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே இரண்டு தவறுகள் நேர்கின்றன. இனி ஒருபோதும் இல்லை என்று ஒருவர் கருத்தடையில்லாமல் இருந்து இன்னொருவரைக் கர்ப்பமாக்கிவிடலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பும் என்று நினைத்துப் பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம்.

காமம் குறைவதும் திருப்தி குறைவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தன் உடம்பை வெறுத்துக்கொண்டு கிடைத்த வேகத்தைவிட, தன்னுடையது என்று உணர்கிற உடம்பில் கிடைக்கும் மெல்லிய சுகம் மேல் என்று சொல்பவர்கள் பலர். இதை அளக்கும் கருவி கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநம்பிகளுக்கு நேர்வது வேறு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கிப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மாதவிலக்கு நிற்கிறது. குரல் தடிக்கிறது, அது திரும்பாது. காம வேகம் கூடுகிறது. யோனியின் சவ்வு மெலிந்து வறண்டு, உறவின்போது வலிக்கலாம், கிழியலாம், தொற்று ஏறலாம். ஆனால் விலக்கு நின்றதால் கருமுட்டை வெளிவருவதும் நின்றது என்று அர்த்தமில்லை. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தல்ல. அது ஏறிக்கொண்டிருக்கும்போது கர்ப்பமானால் சிசுவுக்குக் கெடுதல். கர்ப்பப்பை எடுக்கப்படாத ஒருவர் ஊசியை நிறுத்தினால் கர்ப்பம் சாத்தியமே. 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றார். அவர் சிகிச்சையை இடையில் நிறுத்தி வைத்திருந்தார். தாய் என்றும் தகப்பன் என்றும் எழுதும் கட்டங்களில் யாரை எங்கே எழுதுவது என்ற வழக்கு பிறகு கேரள உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2025-ல் பெற்றோர் என்று மட்டும் எழுதச் சொல்லி உத்தரவாயிற்று.

எத்தினில் எஸ்ட்ரடயாலுக்குத் திரும்புகிறேன். ஆம்ஸ்டர்டாமின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி ஒன்று தன்னிடம் சிகிச்சை பெற்ற 816 திருநங்கைகளைத் தொடர்ந்து பார்த்து 1997-ல் வெளியிட்ட முடிவு, அவர்களுக்கு ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் அபாயம் சுமார் இருபது மடங்கு என்பது. அதற்குப் பெரும் காரணம் இந்த மாத்திரையே என்று தெரிந்து, சிகிச்சையிலிருந்து அதை நீக்கினார்கள். உடம்பில் இயல்பாக உள்ள எஸ்ட்ரடயாலுக்கு மாறியபோது அபாயம் குறைந்தது. இங்கே மருந்துக்கடையில் அது நீங்கவில்லை. ஒரே நாளில் பல மாத்திரை விழுங்குகிறவருக்குக் கால் வீங்கினால் நாளெல்லாம் நின்றதால் வீங்கியது என்று தைலம் தேய்ப்பார்கள். புகை பிடிப்பவராக இருந்தால் ஆபத்து மேலும் கூடும். டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கக் கொடுக்கும் சைப்ரோடிரோன் அதிக அளவில், அதிக நாள் போனால் மூளையுறையில் கட்டி உண்டாகும் சாத்தியம் உண்டு என்று 2020-ல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. இவையெல்லாம் ஹார்மோனைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. ரத்தம் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிற ஒரு டாக்டர் எதிரே இருக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

5

மாத்திரைக்கு முந்தைய வழி நிர்வாணம். பகுசரா மாதாவின் பெயரால் தாயம்மா கத்தி பிடித்து அறுப்பதும், நாற்பது நாள் காப்பும், பால் சடங்கும் பலர் எழுதியும் பேசியும் தெரிந்தவை. ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' போன்ற நூல்கள் அறுவையின் வலியை நமக்கு முதல் தடவையாக உள்ளிருந்து சொல்லின. அதற்கு முன்னால் கி. ராஜநாராயணனின் 'கோமதி'யும் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யும் வெளியிலிருந்து பார்த்தவை. இந்தப் புத்தகங்கள் வந்த பிறகும் நம் விமர்சனம் அறுவையைக் குறியீடாகவே படித்தது. அறுவைக்குப் பிறகு முப்பது வருஷம் அந்த எலும்புக்கு என்ன ஆகிறது என்று படிக்கவில்லை.

விரையை எடுத்துவிட்டு எஸ்ட்ரோஜனும் இல்லாமல் விடப்படும் உடம்பு, எந்த ஹார்மோனும் இல்லாத உடம்பு. திடீரென்று உடல் கொதிக்கும், இரவில் வியர்க்கும், எலும்பு மெலியும். ரஷ்யாவின் ஸ்கோப்ட்ஸி என்ற மதக்குழுவினர், சீன, துருக்கி அரண்மனை அலிகள் ஆகியோரைப் பற்றிக் கிடைத்த பழைய வைத்தியக் குறிப்புகளை 1999-ல் இரண்டு அமெரிக்க டாக்டர்கள் தொகுத்தபோது இதே எலும்புத் தேய்வு அங்கேயும் தெரிந்தது. ஆக, நிர்வாணம் முடிந்தபின்தான் ஹார்மோன் அவசியமாகிறது. பலர் அப்போதுதான் அதை நிறுத்துகிறார்கள், காரியம் ஆகிவிட்டது என்று.

அரசாங்கம் இந்த உடம்பைப் பார்த்த வரிசையும் கவனிக்கத் தக்கது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, கூவாகத் திருவிழா எய்ட்ஸ் பிரசாரத்தின் களமாயிற்று. ஆணுறை வந்தது, ரத்தப் பரிசோதனை வந்தது. இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வைத்தியம் அவர்களை முதலில் சந்தித்தது தொற்றைக் கடத்துபவர்களாக. பாலியல் ஆரோக்கியம் என்றால் மற்றவர்களுக்கு நோய் வராமல் இருப்பது என்றாகிவிட்டது. 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது, இந்தியாவில் முதலாவது. திருநங்கை என்ற சொல் அரசாங்கச் சொல்லாயிற்று. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச அறுவை வந்தது. பின்னர் சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையில் தனிக் கிளினிக்கும் வந்தது. அறுவைக்கு முதலிடம், ஹார்மோனுக்குப் பின்னிடம். கருவளத்தைப் பற்றிய பேச்சு கடைசி வரிசையில்கூட இல்லை.

2014-ல், அதே ஏப்ரல் 15-ல், உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் ஒரு முக்கியமான வரியை எழுதிற்று. சட்டம் தன்னை அங்கீகரிப்பதற்காக யாரும் அறுவையோ மலடாக்குதலோ ஹார்மோனோ செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளிநாட்டைப் பார்த்தால் விளங்கும். பால் மாற்றத்தை 1972-ல் சட்டமாக்கி முன்னே நின்ற ஸ்வீடன், அதற்கு விலையாக மலடாகும்படி கேட்டது. 2013 வரை கேட்டது. 2018-ல் நஷ்ட ஈடு கொடுத்தது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை 2023-ல்தான் செல்லாது என்றது. நாகரிகமான நாடுகள், உன்னை ஏற்கிறேன், உன் வம்சம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. மதுரையில் 2019-ல் உயர்நீதிமன்றக் கிளை, இந்து திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. இடைப்பால் குழந்தைகளுக்கு அவர்களைக் கேட்காமல் அறுவை செய்வதைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்பு. கூவாகத்தின் ஒரு இரவுத் தாலிக்கு வெளியே ஒரு தாலி சட்டப்படி சாத்தியமாயிற்று.

ஆனால் மலடாக்காதே என்பது வேறு. பெற்றுக்கொள்ள வழி செய் என்பது வேறு. 2019-ல் நிறைவேறிய திருநர் சட்டம் ஹார்மோன் சிகிச்சை, அறுவை, காப்பீடு, தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையம் என்று எழுதிற்று. விந்தையோ கருமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றி எழுதவில்லை. 2021-ல் செயற்கைக் கருத்தரிப்புக்கும் வாடகைத் தாய்க்கும் இரண்டு சட்டங்கள் வந்தன. அவை எண்ணியது கல்யாணமான தம்பதியை, பிறகு தனித்த பெண்ணை. திருநங்கை, திருநம்பி என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. விந்தை உறைய வைக்கும் நுட்பமோ புதிதல்ல. கிளிசரின் சேர்த்தால் உறைந்த விந்து உயிரோடிருக்கும் என்று 1949-ல் இங்கிலாந்தில் சேவல் விந்தில் கண்டார்கள். 1953-ல் அமெரிக்காவில் உறைந்த விந்திலிருந்து மனிதக் குழந்தைகள் உருவாயின. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் அது வருஷக்கணக்கில் இருக்கும். மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். அதற்கு, போகலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். உலகத் திருநர் ஆரோக்கிய நிபுணர் சங்கம் 2022-ல் வெளியிட்ட எட்டாவது வழிகாட்டி கருவளத்துக்கு ஒரு அத்தியாயமும் பாலியல் ஆரோக்கியத்துக்கு ஒரு அத்தியாயமும் ஒதுக்கியிருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பது அதன் நிலை.

6

அவர்களுக்குப் பிள்ளை வேண்டுமென்று யார் சொன்னது என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பெரும்பாலோர் வேண்டாம் என்று சொல்லலாம். உடம்பில் எது தன்னை ஆண் என்று வற்புறுத்திற்றோ அதிலிருந்தே விந்து எடுத்துத் தர வேண்டியிருப்பது அருவருப்பாகவும் இருக்கலாம். ஜமாத்தில் தாயும் மகளும் பாட்டியும் பேத்தியும் ரத்தமில்லாமலே இருக்கிறார்கள். 2015-ல் ரிசர்வ் வங்கி எல்லாப் படிவங்களிலும் மூன்றாம் பாலுக்கு ஒரு கட்டம் வைக்கச் சொன்னது. வங்கியில் கௌண்டருக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவனுக்குத் தெரியும், அந்தக் கட்டம் பிரச்னையில்லை. சட்டென்று டிக் அடித்துவிடுவார்கள். நாமினேஷன் வரியில் உறவு என்ற இடத்துக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். பிறகு மகள் என்று எழுதுவார்கள். அந்த மகளை நிரூபிக்கும் காகிதம் எதுவும் கிடையாது. 1871-ன் சட்டம் தடுத்த நான்கும், தானம், உயில், தத்து, காப்பு, அந்த ஒரு சொல்லில் காகிதமில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, பிள்ளை என்பதற்கு அவர்கள் ஏற்கனவே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். என் வாதம், அந்தப் பதில் வேறு வழியில்லாமல் வந்ததா, தேர்ந்தெடுத்து வந்ததா என்பது முக்கியம் என்பதே. கேட்கப்படாதவர் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது.

நவீனத்துவம் எலியட்டின் வழியாக நமக்குக் கொண்டுவந்தவற்றில் மலட்டு நிலமும் டைரீஷியஸும் உண்டு. 'வேஸ்ட் லேண்ட்' வெளியான 1922-லிருந்து மார்பு தொங்கும் அந்தக் கிழவன் குருடனாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாமும் அவனைப் பார்வைக்கு எடுத்துக்கொண்டோம். ஓவிடிடம் அவன் கதை வேறொன்றைச் சொல்கிறது. ஏழு வருஷம் பெண்ணாக இருந்தவன் என்பதால், சுகம் யாருக்கு அதிகம் என்று ஜுபிடரும் ஜூனோவும் அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பதில் பிடிக்காமல் ஜூனோ அவன் கண்ணைப் பறிக்கிறாள். ஆனால் கேட்டார்கள். மகாபாரதம் அனுசாசன பர்வத்தில் பீஷ்மர் சொல்லும் பங்காஸ்வனன் கதை இன்னும் நயமானது. ராஜாவாக நூறு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிறான். பெண்ணாக மாறிய பிறகு நூறு பிள்ளைகளுக்குத் தாயாகிறான். இருநூறு பேரும் இந்திரனின் சூழ்ச்சியில் ஒருவரை ஒருவர் கொன்று அழிந்த பிறகு, யாரை உயிர்ப்பிக்கட்டும் என்று இந்திரன் கேட்கிறான். தாயாகப் பெற்றவர்களை, என்று பதில். உனக்கு ஆண் உடம்பு வேண்டுமா பெண் உடம்பு வேண்டுமா? பெண்ணாகவே இருக்கிறேன், என்று பதில். சுகத்தைக் காரணமாகச் சொல்கிறாள். பிள்ளை, உடம்பு, சுகம் மூன்றையும் பற்றிய கேள்விகள் அங்கே அந்த ஆளிடமே கேட்கப்படுகின்றன. பதிலுக்கு ஏற்பத் தேவராஜன் நடக்கிறான்.

கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கூவாகமும் கல்வராயன் மலையும் அதன் மாவட்டம். அங்கே படித்து வெளிவரும் ஒரு இளம் டாக்டரின் மேஜைக்கு எதிரே ஒரு திருநங்கை வந்து உட்காரும்போது, கடையில் என்ன வாங்கி விழுங்குகிறாய், கால் வலிக்கிறதா, உறவு எப்படி இருக்கிறது, பிற்பாடு பிள்ளை வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று நாலு கேள்வி கேட்டால், இந்த இருநூறு வருஷத்துச் சரித்திரத்தில் அது புதிய விஷயம். பதில் எதுவாக இருந்தாலும் அது கேட்கப்பட்டவருடையது. எழுதுகிறவர்களான நமக்கு வேலை அதைவிடச் சிறியது. அழுகளத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நாமும் ஏறிக்கொண்டால் போதும்.